ஆறடிக் கட்டத்துக்குள் ஒரு டப்பா

கிச்சு கிச்சு தாம்பாளம் ஆடியவர்களுக்கு இந்த விளையாட்டை விளக்க அதிக நேரம் பிடிக்காது. மணலை இரண்டு மூன்று முழ நீளத்துக்குக் கரை போலக் குவிப்போம். ஒருவர் சின்னத் துரும்பை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு மணலுக்குள் கையை நுழைப்பார். முன்னும் பின்னும் அளைந்து எங்கோ ஓரிடத்தில் துரும்பை விட்டுவிடுவார். எதிரில் இருப்பவர் இரண்டு கைகளையும் கோத்து, துரும்பு இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் மணல்மேல் வைப்பார். கைக்குள் துரும்பு அகப்பட்டால் வெற்றி.

இப்போது அந்த மணல் கரையைப் பூமி அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். துரும்பு இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. கோத்த கைகளின் வேலையைச் செய்ய, இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். இந்த ஆட்டத்துக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். தமிழில் புவிப்புதையல் வேட்டை எனலாம். 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன. ஜெர்மனியில் மட்டுமே லட்சக்கணக்கில். அண்டார்க்டிகாவிலும் உண்டு. நம் நாட்டில் இன்னும் கொஞ்சம்தான்.

ஒளித்தவர், டப்பா இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். அந்த எண்களை இனி 'இட எண்' என்று அழைப்போம். குடும்பமாகக் கிளம்பும் யாரும் கைப்பேசியில் இட எண்ணைப் போட்டுத் தேடிப் போகலாம். டப்பாவுக்குள் ஒரு குறிப்பேடும் பென்சிலும் கட்டாயம் இருக்கும். கூடவே பம்பரம், கோலிக்குண்டு, சாவிக்கொத்து என்று சில்லறைப் பொருள்கள். கண்டுபிடித்தவர் பெயரும் தேதியும் எழுதுவார். ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்புள்ள இன்னொன்றை வைப்பார். டப்பாவை இருந்தபடியே ஒளித்துவிட்டு வருவார். உள்ளே இருப்பதன் மொத்த மதிப்பு ஐம்பது ரூபாய்கூடத் தேறாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க உதவும் ஏற்பாட்டுக்குள் மிகத் துல்லியமான கடிகாரங்களும் ஐன்ஸ்டைனின் கணக்கும் வேலை செய்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள, ஏணி வைத்தாலும் எட்டாத இடைவெளிதான் எனக்குத் திரும்பத் திரும்ப வியப்பு.

இது தொடங்கிய நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியும். ஜிபிஎஸ் என்கிற இடமறியும் செயற்கைக்கோள் ஏற்பாடு அமெரிக்க ராணுவத்தினுடையது. பொதுமக்களுக்கு வரும் அலையில் அவர்கள் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதனால் இடம் நூறு மீட்டர் வரை பிசகும். நூறு மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் கிட்டத்தட்ட எட்டு ஏக்கர் தோட்டம். அதற்குள் ஒரு டப்பாவை யார் தேடுவது? இந்திய நேரப்படி 2000 மே 2 காலை ஒன்பதரை மணி வாக்கில் அந்தப் பிழையை நிறுத்திவிட்டார்கள். மறுநாளே, அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கருகே, டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டில் வைத்துவிட்டு இட எண்ணை அறிவித்தார். வாளிக்குள் குறிப்பேடு, பென்சில், புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டின் அவரைக்காய் விதை. சில நாள்களுக்குள் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் ஜியோகேச்சிங் என்ற பெயரும் பிறந்துவிட்டது.

இன்றைய கைப்பேசி, திறந்த வானத்தின்கீழ், சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்கிறது. அந்த வட்டத்தின் பரப்பு இரண்டு செண்ட்கூட இல்லை. எட்டு ஏக்கர் இரண்டு செண்ட்டாகச் சுருங்கியது. அவ்வளவு சுருங்கியதால்தான் விளையாட்டே சாத்தியமானது.

சரி, அந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கொங்கு நாட்டில், ஈரோட்டுக்கு அருகிலுள்ள பெருந்துறையின் இட எண் வடக்கு 11° 16.5', கிழக்கு 77° 35'. முதலில் வருவது பாகை (°), அதில் அறுபதில் ஒரு பங்கு கலை ('). புவிப்புதையல் வேட்டைக்காரர்கள் கலையை மூன்று தசம இலக்கம் வரை எழுதுவார்கள். பெருந்துறையில் ஒரு கலை என்பது தரையில் சுமார் 1.8 கி.மீ. அதை ஆயிரமாக வகுத்தால் 1.8 மீட்டர், ஏறக்குறைய ஆறடி. ஆகவே முழு இட எண் என்பது தரையில் ஆறடிக்கு ஆறடி கட்டம். இரண்டு கயிற்றுக் கட்டில்களைச் சேர்த்துப் போடலாம். பூமி முழுவதையும் இப்படிக் கட்டம் பிரித்தால் மொத்தம் 233 லட்சம் கோடி கட்டங்கள் வரும். பதினைந்து இலக்கங்கள் அவற்றில் ஒன்றே ஒன்றைச் சுட்டிவிடுகின்றன.

இதிலும் ஒரு விந்தை உண்டு. கட்டங்கள் எல்லா ஊரிலும் ஒரே வடிவம் இல்லை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்குகின்றன, உரித்த ஆரஞ்சுச் சுளைகள் நுனியில் சேர்வதைப்போல. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பெருந்துறைக் கட்டம் கிட்டத்தட்டச் சதுரம். உல்மர் வாளி வைத்த ஓரிகானில் அதே கட்டம் கிழக்கு மேற்காக 1.3 மீட்டர்தான். கடைசி இலக்கத்தில் ஒன்று பிசகினால் அவர்கள் நடப்பதைவிட நாம் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும்.

ஒரு புள்ளிக்கு எண் கொடுப்பது இப்போது அரை நிமிட வேலை. கொங்கு மண்ணிலேயே அது ஒரு காலத்தில் எத்தனை பெரிய பாடாக இருந்தது என்பதைச் சொல்லாமல் நகர மனமில்லை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே நிலத்தில் நேர்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் அதற்குக் கூடாரம், பக்கத்தில் வெப்பமானி. சுமார் 12 கி.மீ. கோட்டை அளக்க 57 நாள் ஆனது. அதன்பிறகு சங்கிலி வேண்டியதில்லை. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே பெறலாம் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தப் பாடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மலை மேலும் கோபுரத்தின் மேலும் ஏறி, முக்கோணம் மேல் முக்கோணமாக அடுக்கியபடி நாட்டையே அளந்தார்கள்.

கணக்கு வழியில் பிசகவில்லையே என்று சோதிக்க, இடையிடையே மறுபடி சங்கிலி போட்டுப் பார்ப்பார்கள். பெங்களூரில் 1804-இல் அப்படிச் சோதித்தபோது, சென்னையிலிருந்து கணக்கு வழியே வந்த நீளத்துக்கும் சங்கிலி காட்டிய நீளத்துக்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. அதேபோன்ற அடிக்கோடு ஒன்றை 1806-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் அளந்தார்கள். விண்மீன்களைப் பார்த்து அட்சரேகை கணித்த இடங்களில் ஒன்றின் பெயர் அவர்கள் பதிவில் 'புச்சபோலியம்' என்று இருக்கிறது. 11 பாகைக்குச் சற்றுத் தெற்கே. வெள்ளைக்காரர் காதில் விழுந்து உருமாறிய நம் பாளையங்களில் ஒன்று அது. கோணம் அளந்த தியோடலைட் கருவி மட்டும் அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார். அன்று அவர்கள் அளந்த எண்களும் இன்று கைப்பேசி காட்டும் எண்களும் ஒன்றாக இருக்காது. பூமியின் வடிவத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட முட்டைக் கணக்கு வேறு, இப்போதைய கணக்கு வேறு. பழைய நில அளவைப் படத்திலிருந்து இட எண்ணை எடுத்து அப்படியே கைப்பேசியில் போட்டால், நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

லாம்டன் மலைமீது நட்ட கொடிகளின் வேலையை இன்று செய்பவை செயற்கைக்கோள்கள். ஜிபிஎஸ் கூட்டத்தில் சுமார் முப்பது உண்டு. தரையிலிருந்து 20,200 கி.மீ. உயரத்தில், நாளொன்றுக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றுகின்றன. வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 4 கி.மீ. பெருந்துறையிலிருந்து ஈரோட்டுக்கு நான்கே நொடி. அங்கிருந்து அலையை அனுப்பும் கருவியின் திறன் பழைய குண்டு பல்பின் திறன்தான், சில பத்து வாட். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் அந்த ஒற்றைப் பல்பை, உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கிறது.

உண்மையில் அந்த அலை வந்துசேரும்போது, சுற்றியிருக்கும் மின்காந்த இரைச்சலைவிடவும் மெலிந்துபோயிருக்கும். பிறகு எப்படிக் கேட்கிறது? சந்தை நாளில் ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கும்போதும் பிள்ளைக்கு அம்மாவின் குரல் கேட்டுவிடும் அல்லவா, அதே வித்தைதான். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கென ஒரு தாளக்கட்டு வைத்திருக்கிறது. பூச்சியமும் ஒன்றுமாக 1,023 அடிகள். நொடிக்கு ஆயிரம் முறை அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. கைப்பேசிக்கு அந்தத் தாளங்கள் எல்லாம் மனப்பாடம். தானும் அதே தாளத்தைப் போட்டுக்கொண்டே, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கும். இரண்டும் பொருந்தும் கணத்தில் இரைச்சல் அடங்கி அலை எழுந்து நிற்கும். எவ்வளவு நகர்த்தினோமோ அதுதான் அலை வந்த பயண நேரம்.

அந்தப் பயணம் ஏறக்குறைய 0.067 நொடி. ஒரு கண் சிமிட்டலுக்குள் முடிந்துவிடும். ஒளியின் வேகம் தெரியும், நேரம் தெரியும், பெருக்கினால் தூரம் வந்துவிடும். தூரங்கள் மட்டும் தெரிந்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிட முடியுமா? ஈரோட்டிலிருந்து நேர்கோட்டில் சுமார் 16 கி.மீ. தொலைவில் ஓர் ஊர் என்றால் பல ஊர்கள் வரும். ஈரோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம், அவ்வளவுதான். கோபியிலிருந்து 25 கி.மீ. என்று சேர்த்துச் சொன்னால் இரண்டு வட்டங்களும் வெட்டும் இரண்டே புள்ளிகள் மிஞ்சும். திருப்பூரிலிருந்து 32 கி.மீ. என்றதும் ஒரே ஊர்தான், பெருந்துறை. வானத்தில் வட்டங்கள் கோளங்களாகிவிடும், முறை இதேதான்.

ஆனால் செயற்கைக்கோள் நான்கு வேண்டும். நான்காவது எதற்கு? செயற்கைக்கோளில் இருப்பது அணுக்கடிகாரம். ருபிடியம், சீசியம் அணுக்களின் மாறாத அதிர்வை எண்ணி நேரம் சொல்வது. ஒரு நாளில் சில நானோ நொடிகளுக்குள்தான் பிசகும். ஒரு நானோ நொடி என்றால் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதற்குள் ஒளி ஓரடி நகரும். உங்கள் கைப்பேசியிலோ சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம். அது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 கி.மீ. பிழை. பெருந்துறையில் நிற்கும் உங்களை வங்காள விரிகுடாவில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். அணுக்கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் வைக்கவும் வழியில்லை. இங்கேதான் கணக்குப் போட்டவர்களின் சாமர்த்தியம். கைப்பேசியின் கடிகாரப் பிழையையும் தெரியாத எண்ணாக வைத்துக்கொண்டார்கள். அகலம், நீளம், உயரம், பிழை என்று நான்கு தெரியாத எண்கள், நான்கு செயற்கைக்கோள்கள், நான்கு சமன்பாடுகள். விடை வரும்போது இடத்தோடு சேர்ந்து மிகச் சரியான நேரமும் வந்துவிடுகிறது. இருபதாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய கைப்பேசி அணுக்கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொள்கிறது.

இதற்கும் மேலே ஒரு சிக்கல். வானத்தில் அந்தக் கடிகாரங்கள் நம் கடிகாரங்களோடு ஒத்துப் போகவே போகாது. ஈர்ப்பு விசை குறைந்த இடத்தில் நேரம் சற்று வேகமாக ஓடும் என்றும், வேகமாகப் போகும் கடிகாரம் சற்று மெதுவாக ஓடும் என்றும் ஐன்ஸ்டைன் சொன்னார். செயற்கைக்கோளுக்கு இரண்டும் பொருந்தும். உயரத்தால் நாளொன்றுக்கு 45 மைக்ரோ நொடி முந்துகிறது. வேகத்தால் 7 மைக்ரோ நொடி பிந்துகிறது. மிச்சம் 38 மைக்ரோ நொடி. கேட்கச் சின்ன எண். ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாருங்கள், 11 கி.மீ. வரும். சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில், பெருந்துறையில் தேட வேண்டிய டப்பாவைச் சென்னிமலைப் பக்கம் தேடும் அளவுக்குக் கணக்கு வழுக்கிவிடும்.

1977-இல் முதல் சீசியம் கடிகாரம் சோதனைச் செயற்கைக்கோளில் ஏறியபோது, இது உண்மையிலேயே நடக்குமா என்று பொறியாளர்களில் சிலருக்கே ஐயம் இருந்தது. அதனால் திருத்தத்தை விசையோடு இணைத்து அனுப்பினார்கள். தேவைப்பட்டால் போடலாம் என்று. சுமார் இருபது நாள் விசையைப் போடாமல் பார்த்தார்கள். ஐன்ஸ்டைன் கணக்குச் சொன்னபடியே கடிகாரம் முந்தியது. விசையைப் போட்டுவிட்டார்கள். அதுமுதல், கடிகாரங்களைத் தரையிலேயே வேண்டுமென்று கொஞ்சம் மெதுவாக ஓடும்படி முடுக்கி மேலே அனுப்புகிறார்கள். மேலே போனதும் சரியாகிவிடும்.

நம் தென்னாட்டுக்கென்றே ஒரு தொல்லையும் இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 80 கி.மீ.க்கு மேலே, சூரியக் கதிர் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறியும் அயனி மண்டலம் தொடங்குகிறது. வானிலிருந்து வரும் அலை அதைக் கடக்கும்போது தாமதமாகும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி அருகே போவதால், அந்த மண்டலம் நம் தலைக்கு மேலே மற்ற ஊர்களைவிடக் கொந்தளிப்பானது. 1963-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்ததற்கும் இந்தக் காந்தக் கோடுதான் காரணம். பொழுது சாய்ந்து சில மணி நேரம் அங்கே குமிழிகள் போலக் கிளம்பும். விண்மீன் மினுங்குவதுபோல அலையும் மினுங்கும். இடம் காட்டும் புள்ளி திரையில் துள்ளும். கண்டம் தாண்டிய புதையல் வேட்டைக்காரருக்கு இல்லாத ஒரு காரணம், நம் பிள்ளைகளைப் பொழுதோடு வீட்டுக்கு அழைத்துவர நமக்கு இருக்கிறது.

இந்தியாவுக்குச் சொந்தமாகவும் ஓர் ஏற்பாடு உண்டு, பெயர் நாவிக். முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. 2023 மே மாதம் போனதில் நம் நாட்டிலேயே செய்த ருபிடியம் அணுக்கடிகாரம் இருந்தது. ஜிபிஎஸ் பூமி முழுவதும் சுற்றுகிறது. நாவிக் கூட்டமோ நம் பகுதிக்கு மேலேயே, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நின்றும் ஊசலாடியும் காவல் காக்கிறது. தென்னந்தோப்புக்குள் நின்று வானத்தில் ஒரு கையகலம் மட்டும் தெரியும்போது, நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளின் அருமை புரியும்.

இத்தனை அறிவியலும் சேர்ந்து உங்களை அழைத்துப் போய் ஓரிடத்தில் விட்டுவிட்டு விலகிக்கொள்ளும். கடைசி ஐந்து மீட்டர் உங்கள் பொறுப்பு. என்னைக் கேட்டால், ஆட்டத்தின் உயிர் அந்த இரண்டு செண்ட்டில்தான் இருக்கிறது. கொறங்காட்டு ஓரம் ஒரு கிளுவை வேலி, அடியில் கல் குவியல், பக்கத்தில் ஒரு வெள்வேல மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்புச்சி, போனு இங்கதான்னு காட்டுது. ஒண்ணையுங் காணமே!"

"போன பையில போடு கண்ணு. அந்தக் கல்லுகளப் பாரு. எது மட்டும் காய்ஞ்சு கெடக்குது, எது பாசி புடிச்சிருக்குதுன்னு பாரு."

இதைப் பெரியவர்கள்தான் சொல்ல முடியும். கல் எப்படி விழும், தழை எப்படிக் காயும் என்று தெரிந்த கண்ணுக்கு, மனிதக் கை அடுக்கியது தனியாகத் தெரியும். மேலே பாசி இருக்க வேண்டிய கல்லின் பாசிப் பக்கம் கீழே இருந்தால், யாரோ புரட்டியிருக்கிறார்கள். ஒளிப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. உள்ளே குடைந்த பொய்க்கல், இரும்புக் கம்பத்தில் ஒட்டும் பென்சில் ரப்பர் அளவுக் காந்தக் குப்பி, மரப்பட்டை நிறத்தில் பூசிய குழாய் என்று ஒளிப்பதே தனிக் கலையாகிவிட்டது. ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண் போடுவார்கள். தேடும் கடினத்துக்கு ஒன்று, போய்ச் சேரும் பாதையின் கடினத்துக்கு ஒன்று, இரண்டும் 1 முதல் 5 வரை. ஐந்து வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் இரண்டு எண்களும் ஒன்றரையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கல் இடுக்கு, பனை அடி, வேலி மூட்டம் எதுவானாலும் முதலில் குச்சி, பிறகு கை. பாம்புக்கு இட எண் கிடையாது.

புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் மண்வெட்டியைத் தேட வேண்டாம். டப்பாவை மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் உலகளாவிய விதி. நம் பகுதிக்கு அது இன்னும் கட்டாயம். நொய்யல் கரை மண்ணுக்குள் உண்மையான புதையல் இருந்திருக்கிறது. கோவை வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெருந்துறை வட்டத்திலேயே, நொய்யலின் வடகரையில், கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேர் சொல்லப்பட்ட ஊர். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த கூடங்கள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் அங்கே வெளிப்பட்டன. ஓர் ஓடு எந்த அடுக்கில், எந்தக் குழியில், எந்த இட எண்ணில் கிடந்தது என்பது ஓட்டைவிட முக்கியம். இடம் கலைந்த ஓடு பாதி ஊமையாகிவிடும். சட்டமும் இருக்கிறது. 1878-இல் வந்த இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளைக் கண்டெடுத்தால், அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

கொடுமணல் போன்ற இடங்களுக்கு வேட்டைக்காரர்கள் அழகான வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். டப்பாவே இல்லாத புதையல். இட எண் உங்களை ஓரிடத்துக்கு அழைத்துப் போகும், அங்கே ஒரு கேள்வி இருக்கும். இந்தப் பாறையில் ஓடும் வெள்ளைக் கோடு எப்படி வந்தது, இந்தப் படிவம் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நிலவியலுக்கென்று இப்படி ஒரு தனி வகை 2004 முதல் நடக்கிறது. பெரில் மணிக்கல் கிடைத்த படியூரும், வேறெங்கும் எளிதில் காணாத பாறைகள் கிடக்கும் சிவன்மலையும் நமக்குப் பக்கத்தில்தான். கொங்கு நாட்டுக்கு இந்த வகையே மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். ஒரு துண்டு பிளாஸ்டிக்கும் மண்ணில் போகாது, பிள்ளைகள் ஒரு கல்லையாவது ஐந்து நிமிடம் உற்றுப் பார்ப்பார்கள்.

இன்னொரு வகையில் டப்பாவுக்குள் எண் பொறித்த சிறு உலோகத் தகடு இருக்கும். எடுத்தவர் அடுத்த டப்பாவில் கொண்டுபோய் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். தகடு ஊர் ஊராக, நாடு நாடாகப் போவதைப் பிள்ளைகள் வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம். 2008-இல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் இப்படி ஒன்றைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார். 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும், கருவியைச் சரிபார்க்கும் சில்லு ஒன்றில் இந்த ஆட்டத்தின் எண் பொறித்திருக்கிறது.

வீட்டிலிருந்து தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஈரம் புகாத டப்பாவாக எடுங்கள். தின்பண்டம் வேண்டாம், எறும்பும் நாயும் நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். கத்தி, தீப்பெட்டியும் கூடாது. டப்பாவின் மேல் 'விளையாட்டுப் பொருள்' என்று பெரிதாக எழுதி உங்கள் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். ஆளில்லாத இடத்தில் கிடக்கும் மூடிய டப்பா பார்ப்பவருக்கு அச்சம் தரும். ரயில் நிலையம், கோயில், தொல்லியல் இடம், வாய்க்கால் கரை வேண்டாம். வெள்ளோடு பறவைகள் சரணாலயம், காப்புக்காடு பக்கம் அனுமதியில்லாமல் போகாதீர்கள். தோட்டக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வையுங்கள். உலகப் பட்டியலில் பதிவதானால், பக்கத்து டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். உறவுக்காரப் பிள்ளைகளுக்குள் மட்டும் ஆடுவதானால், இட எண்ணைத் தமிழ் எண்களில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். ௧௧° ௧௬', ௭௭° ௩௫' என்று தொடங்கும் சீட்டைப் படித்து முடிக்கவே ஒரு மதியம் போய்விடும். தாத்தா பாட்டியிடம் கேட்காமல் முடியாது.

இடத்தைக் குறிக்கும்போது ஒருமுறை பார்த்து எழுதிவிடாதீர்கள். கைப்பேசியை டப்பாவின் மேல் வைத்து இரண்டு நிமிடம் பொறுத்து ஓர் எண்ணை எழுதுங்கள். அரை மணி கழித்து இன்னொரு முறை. முடிந்தால் மறுநாள் காலை மூன்றாவது முறை. அதற்குள் செயற்கைக்கோள்கள் வேறு இடத்துக்கு நகர்ந்து, வேறு கோணத்திலிருந்து பார்க்கும். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் தேடி வருபவருக்குச் சில அடிகள் மிச்சமாகும்.

வடக்கு 11° 16.5', கிழக்கு 77° 35' என்பது பெருந்துறை வரைக்கும்தான். மீதி இலக்கங்களை உங்கள் தோட்டத்து வேலியோரம் நின்று நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.